எழுபது பவுண்டு எதற்கு, தம்பி?

வாசகர் கேள்வி - பதில்: முதல் வேட்டை வில்

வில் நாணுக்கு மெழுகு தடவுவது பற்றிப் போன இதழில் எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "அதெல்லாம் இருக்கட்டும், முதலில் எந்த வில்லை வாங்குவது என்று சொல்லுங்கள்" என்கின்றன. சரி, இந்த முறை அதையே பேசிவிடுவோம். நான் வில் விற்பவன் இல்லை. பயிற்சிக் களத்தில் வில் பழுதுபார்க்கும் மேசைக்காரன். புது வில்லோடு வருகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதை அந்த மேசைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பவன். பதில்களில் கொஞ்சம் கடுப்பு தெரிந்தால் காரணம் அதுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வில் வேட்டைக்குச் சட்டம் இடம்தரும் நாடுகளில் உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகிறவர்களுக்கான பதில்கள் இவை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு விலங்கு வேட்டை குற்றம். பிரிட்டனிலும் வில்லால் வேட்டையாட அனுமதி இல்லை. அங்கெல்லாம் இருந்து எழுதியவர்கள் இதை இலக்குப் பலகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயது 24. தினமும் எடை தூக்கிப் பயிற்சி செய்கிறவன். மான் வேட்டைக்கு, நாணை இழுக்க 70 பவுண்டு விசை கேட்கிற வில்தான் வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எடுத்தவுடனே அதையே வாங்கிவிடலாமா?

பதில்: எழுபது பவுண்டு எதற்கு, தம்பி? காட்டெருமைக்கா போகிறீர்கள்?

மார்பும் புஜமும் திரண்டவர்கள்தான் என் மேசைக்கு முன்னால் அதிகம் திணறுகிறார்கள். வில்லை இழுப்பது தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில், முதுகில் இருக்கிற தசை. எடை தூக்கிப் பழகியவருக்கும் அந்த இடம் இந்த வேலைக்குப் பழகியிருக்காது. அண்மையில் உங்கள் வயதுக்காரர் ஒருவர் வந்தார். வில்லை வானத்தைப் பார்க்கத் தூக்கினார். நாணைப் பிடுங்கிக்கொண்டே கீழே இறக்கினார். இடது தோள் காதோடு போய் ஒட்டிக்கொண்டது, கழுத்து நரம்பு புடைத்தது. முதல் அம்பு நன்றாகவே பட்டது. "அடுத்தது" என்றேன். வில்லைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு விரல்களை உதறினார். மூன்றாவது அம்பு இலக்குப் பலகைக்கே போய்ச் சேரவில்லை.

இழுவிசை என்பது நாணை இழுக்கத் தேவைப்படும் உச்ச விசை. அது உங்களுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு சோதனை போதும். நாற்காலியில் உட்காருங்கள். இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளுங்கள். அம்பைப் பூட்டி, வில்லை இலக்குக்கு நேராக நீட்டி, மேலே தூக்காமல் அப்படியே இழுங்கள். இழுத்து அரை நிமிடம் பிடித்திருங்கள். பிறகு அம்பை விடாமல் மெதுவாக நாணைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். முகம் கோணாமல் இதை முடித்தால் அந்த விசை உங்களுடையது. கடைசிப் படிதான் பலருக்கும் முடியாது. இழுத்துவிடுவார்கள், இறக்கத் தெரியாது. இறக்க முடியாதவர், எய்யக் கூடாத நேரத்திலும் எய்துவிடுவார்.

காட்டில் உடம்பு சூடேறிய பிறகா இழுக்கப்போகிறீர்கள்? விடியற்குளிரில், தடித்த சட்டையோடு, மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்து மரத்துப்போன தோளை வைத்துக்கொண்டு இழுக்கப்போகிறீர்கள். மான் 20 கஜத்தில் நிற்கும். வில்லை வானத்துக்குத் தூக்கினால் பார்த்துவிடும். சத்தமில்லாமல் இழுத்தும்விட்டீர்கள் என்று வையுங்கள், அது மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். இன்னும் ஓரடி நகரும்வரை இழுத்த நாணோடு காத்திருக்க வேண்டும். இழுக்க முடிகிற உச்ச விசையிலிருந்து 10 பவுண்டாவது கீழே இருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

மானுக்கு எவ்வளவு வேண்டும் என்பது வேறு கேள்வி. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சட்டம் கேட்கிற குறைந்தபட்ச இழுவிசை 30 முதல் 40 பவுண்டுதான். சில மாநிலங்களில் குறைந்தபட்சம் என்று ஒன்றே கிடையாது. 45, 50 பவுண்டு காம்பவுண்டு வில்லும் (முனைகளில் சக்கரம் வைத்தது), சவரக்கத்தி போலத் தீட்டிய முனையும் இருந்தால் மானுக்குத் தாராளம். அம்பு குண்டைப் போல அதிர்ச்சியால் கொல்வதில்லை, அறுத்துத்தான் கொல்கிறது. இரண்டு நுரையீரலையும் அது கடந்து போக வேண்டும், அவ்வளவுதான். எல்க் போன்ற பெரிய விலங்குக்குப் போகும்போது விசையைக் கூட்டிக்கொள்ளலாம்.

கூட்டுவதற்கு வழியும் வில்லிலேயே இருக்கிறது. காம்பவுண்டு வில்லின் உச்ச விசையைப் பொதுவாக 10 பவுண்டு வரை குறைத்து வைத்துக்கொள்ளலாம். வளைகைகளின், அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதிகளின், அடியில் இருக்கும் திருகாணிகளைத் திருக வேண்டும், மேலும் கீழும் ஒரே அளவில். இன்னும் அகலமாகக் கூட்டிக் குறைக்கிற தொடக்கநிலை வில்களும் உண்டு. ஆகவே 60 - 70 வரம்புள்ள வில்லை விட்டுவிட்டு 50 - 60 வரம்புள்ளதை வாங்குங்கள். 50இல் தொடங்கி, முதுகு பழகப் பழகத் திருகிக்கொள்ளலாம். நண்பர்கள் கேட்டால் 70 என்றே சொல்லிக்கொள்ளுங்கள், மானுக்குத் தெரியாது.

கேள்வி: காம்பவுண்டா, ரிகர்வா? எனக்கு மர வில்லைப் பார்த்தால்தான் வில் என்றே தோன்றுகிறது.

பதில்: எனக்கும்தான். ஆனால் அழகு வேறு, வேலை வேறு. ரிகர்வ் என்பது சக்கரம் இல்லாத, நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்.

அமெரிக்காவின் மிசூரியைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் வில்லின் இரு முனையிலும் சக்கரத்தைப் பொருத்தி 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969 டிசம்பரில் அது கிடைத்தது. இன்றைய காம்பவுண்டு வில்லெல்லாம் அந்த யோசனையின் பிள்ளைகள். அச்சு மையத்தில் இல்லாத அந்தச் சக்கரத்தைக் கேம் என்பார்கள். இழுக்கும்போது நடுவழியில் விசை உச்சத்தைத் தொடும். கேம் உருண்டு முடிந்ததும் சட்டென்று விழுந்துவிடும். 60 பவுண்டு வில்லில் 80 சதவீதம் தளர்வு என்றால், முழுக்க இழுத்த நிலையில் உங்கள் கையில் நிற்பது 12 பவுண்டுதான். மரத்துக்குப் பின்னால் நின்ற மானுக்காகக் காத்திருக்க அந்த 12 போதும்.

ரிகர்வில் இந்தச் சலுகை இல்லை. இழுக்க இழுக்க விசை ஏறிக்கொண்டே போகும். 45 பவுண்டு என்றால் முழு இழுப்பில் அந்த 45ம் மூன்று விரல்களில் நிற்கும். வில்லில் பொருத்தும் குறிமுள், நாணில் கண் வைத்துப் பார்க்கும் பின்னோட்டத் துளை என்று எந்தத் துணையும் இல்லாமல் எய்கிறவர்கள்தான் அதில் அதிகம். நல்ல பயிற்சி உள்ளவரே 15, 20 கஜத்தோடு நிறுத்திக்கொள்வார். காம்பவுண்டில் ஓரளவு தேறியவர் 30 கஜம் போகலாம்.

வரும் பருவத்திலேயே காட்டுக்குப் போக வேண்டும் என்றால் காம்பவுண்டு வாங்குங்கள். அவசரமில்லை, தினமும் எய்வதே சந்தோஷம் என்றால் மூன்று துண்டாகக் கழற்றி மாட்டுகிற ரிகர்வ் வாங்குங்கள். முதலில் 25, 30 பவுண்டு வளைகைகளை மாட்டிக்கொள்ளுங்கள். இதைக் கேட்டதும் முகம் சுருங்கும், தெரியும். கைப்பிடி உள்ள நடுக்கட்டை அப்படியே இருக்கும். கை தேறியதும் வளைகைகளை மட்டும் 40, 45க்கு மாற்றிக்கொள்ளலாம். தொடக்கத்திலேயே 50 பவுண்டு ஒற்றைத் துண்டு ரிகர்வ் வாங்கியவர்கள் அதைச் சுவரில் மாட்டிவைத்திருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

ரிகர்வில் நெருங்கத் தெரிந்திருக்க வேண்டும். யாஹி பழங்குடியின் கடைசி மனிதர் என்று அறியப்பட்ட இஷி, 1911க்குப் பிறகு கலிபோர்னியாவில் மருத்துவர் சாக்ஸ்டன் போப்புக்கு வில் வேட்டையைக் கற்றுக்கொடுத்தார். விரல்களை உதட்டில் வைத்து முத்தமிடுவது போல ஓர் ஒலி எழுப்பி முயலைத் தன்னிடம் வரவழைப்பாராம். அமெரிக்காவில் வில் வேட்டை மறுபடி தலையெடுத்ததற்கு இந்த இருவரின் நட்பு முக்கியமான காரணம். இஷியிடம் சக்கரம் வைத்த வில் இல்லை; தூரத்தைக் குறைக்கிற வித்தை இருந்தது. உங்களுக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவர் புது வில் வாங்கிக்கொண்டார். அவருடைய பழைய காம்பவுண்டு சும்மாதான் கிடக்கிறது. விசையைக் குறைத்துத் தருகிறேன், நீ எடுத்துக்கொள் என்கிறார். என் உயரம் 5 அடி 3 அங்குலம், அவர் ஆறடி.

பதில்: சகோதரி, விசையைக் குறைத்துவிட்டால் முடிந்துவிடாது. இழுநீளம் என்று ஒன்று இருக்கிறது.

கைகள் இரண்டையும் பக்கவாட்டில் நீட்டி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்து பாருங்கள். அதை 2.5ஆல் வகுத்தால் உங்கள் இழுநீளம் ஏறத்தாழக் கிடைக்கும். பலருக்கும் கைவீச்சு உயரத்தை ஒட்டியே இருக்கும். உங்களுக்கு 63 அங்குலம் என்று வைத்தால் 25 அங்குலத்துக்குச் சற்று மேல். உங்கள் கணவருக்கு 72 அங்குலம் என்றால் 29ஐத் தொடும்.

காம்பவுண்டில் கேம் உருண்டு முடிகிற இடம் ஒன்றுதான். அங்கே நாண் சுவரில் முட்டியதுபோல நின்றுவிடும். அவருக்கு அமைத்த வில்லை நீங்கள் இழுத்தால் அந்தச் சுவரைத் தொடவே உடம்பைப் பின்னால் சாய்ப்பீர்கள். நாண் பிடித்த கை தாடையைத் தாண்டிக் காதுக்குப் பின்னால் போகும். முகம் நாணைத் தேடும். விட்டதும் நாண் முன்கையின் உட்புறத்தில் பளீரென்று அடிக்கும்; அந்த ஊதா நிறக் கோடு ஒரு வாரம் இருக்கும்.

சில வில்களில் கேம் மேல் இருக்கும் சிறு தகட்டைச் சாவியால் கழற்றி இடம் மாற்றினாலே இழுநீளம் மாறும். சிலவற்றில் அந்தத் தகட்டையே வேறு வாங்கிப் போட வேண்டும். இன்னும் சிலவற்றில் கேமையே மாற்ற வேண்டும். அதற்கு வில்லை அழுத்தி நாணைத் தளர்த்துகிற பிரஸ் வேண்டும். அந்த வில்லின் வரம்பில் 25 இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். இருந்தால் மேசைக்குக் கொண்டுபோய் அமைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அதை விற்றுவிட்டு உங்களுக்கென்று ஒன்று வாங்குங்கள். பிரஸ் இல்லாமல் கேம்களை இணைக்கும் கம்பிநாண்களைக் கழற்ற மட்டும் அவரை விடாதீர்கள். இறுகிய வில் கையில் பிரிந்தால் விரல் தங்காது.

ரிகர்வ் வாங்குகிறவர்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. அதில் எழுதியிருக்கும் பவுண்டு 28 அங்குல இழுப்புக்கானது. நீங்கள் 26 மட்டுமே இழுக்கிறவர் என்றால் 45 என்று எழுதிய வில் உங்கள் கையில் ஏறத்தாழ 40தான். சட்டம் குறைந்தபட்சம் கேட்கிற இடத்தில் இது முக்கியம்.

கேள்வி: எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலக்கை. ஆனால் குறிபார்க்க இடக்கண்தான் வருகிறது. எந்தக் கை வில்?

பதில்: கண் எந்தப் பக்கமோ அந்தப் பக்க வில். முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்: இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளைக் குறுக்கே சேர்த்து நடுவில் சின்ன முக்கோணச் சந்து விடுங்கள். இரு கண்ணும் திறந்தபடி அந்தச் சந்து வழியாகத் தொலைவில் ஒரு பொருளைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் சந்துக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் உங்கள் குறிக்கண். இடது என்றால் இடக்கைக்காரர் வில். நாணை இடக்கையால் இழுப்பது முதல் சில வாரம் அசௌகரியமாக இருக்கும், அப்புறம் மறந்துவிடும். ஏற்கெனவே வலக்கை வில்லில் பல வருடம் ஊறியவர் என்றால் இடக்கண்ணை மூடிக்கொண்டு சமாளிக்கலாம். நீங்கள் இன்னும் வாங்கவே இல்லையே, பிறகென்ன?

கேள்வி: இரண்டு வில்லைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் வேகம் நொடிக்கு 340 அடி, மற்றதில் 315. வேகமானதை வாங்குவதுதானே புத்திசாலித்தனம்?

பதில்: அந்த 340 உங்களுக்குக் கிடைக்காது. 70 பவுண்டு விசை, 30 அங்குல இழுப்பு, 350 கிரெய்ன் எடையுள்ள இலேசான அம்பு. இப்படி வைத்து அளந்தது அது. 7,000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு பவுண்டு. அப்படியென்றால் அந்த அம்பு 23 கிராம்கூட இல்லை.

இழுப்பில் ஓரங்குலம் குறைந்தால் வேகத்தில் நொடிக்குச் சுமார் 10 அடி குறையும். ஒரு பவுண்டு விசை குறைந்தால் 2 அடி. அம்பில் மூன்று கிரெய்ன் கூடினால் ஓரடி குறையும். உங்கள் கடிதத்தில் இழுநீளம் 27 என்று இருக்கிறது. 55 பவுண்டில் வைத்து, வேட்டைக்கேற்ற 420 கிரெய்ன் அம்பு போட்டால் 340 வந்து நிற்பது 250 சொச்சத்தில். மற்ற வில்லும் அதே கணக்கில் குறையும். மிச்சமுள்ள வித்தியாசத்தை வைத்துக்கொண்டு மானிடம் ஒன்றும் சாதிக்க முடியாது.

ஏனென்றால் ஒலி நொடிக்கு 1,100 அடிக்கு மேல் போகிறது. 30 கஜத்தில் நிற்கும் மானுக்கு நாண் சத்தம் நொடியின் பன்னிரண்டில் ஒரு பங்குக்குள் எட்டிவிடும். அம்பு போய்ச் சேர மூன்றில் ஒரு பங்கு நொடி ஆகும். இடைப்பட்ட நேரத்தில் மான் ஓடுவதற்காகக் காலை மடக்கிப் பதுங்கும். அம்பு முதுகுக்கு மேலே போகும். 25 அடி வேகம் கூடியதால் இதை வெல்ல முடியாது. சத்தம் குறைந்த வில்லும், கிட்டத்தில் எய்வதும்தான் வழி. கனமான அம்பு போட்டாலே வில் அமைதியாகும்.

வேக வில்லில் இன்னொரு தொல்லை. நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள இடைவெளி ஆறு அங்குலம், அதற்கும் குறைவு என்று இருக்கும். இடைவெளி குறைந்தால் அம்பு நாணோடு அதிக தூரம் ஒட்டிப் பயணிக்கும். அதற்குள் உங்கள் கை ஆடினால் அம்பும் ஆடும். தொடக்கக்காரருக்கு ஏழு அங்குலத்தை ஒட்டிய இடைவெளியும், மேல் கேமின் அச்சிலிருந்து கீழ் கேமின் அச்சு வரை 31, 32 அங்குல நீளமும் உள்ள வில் நல்லது. அதைவிடக் குட்டையாக இருந்தால் மறைவிடத்துக்குள் வசதி, நிதானமாகப் பிடிப்பது சிரமம்.

கேள்வி: வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தான் என்கிறார்களே, இந்தக் காலத்து வில்லால் முடியுமா?

பதில்: முடியாது. புலவருக்குப் பரிசில் கொடுத்த கைக்கு அந்தச் சலுகை உண்டு. ஆனால் ஊடுருவிப் போவது என்பதை இன்றைக்கும் ஒவ்வொரு வில் வேட்டைக்காரரும் விரும்புகிறார். உள்ளே போன வழி, வெளியே வந்த வழி என இரண்டு துளை இருந்தால் விலங்கு சீக்கிரம் விழும். இரத்தத் தடமும் தொடர முடிகிற அளவில் இருக்கும். ஐந்து வேண்டாம், ஒன்றை முழுக்கத் துளைத்தால் போதும்.

கேள்வி: வில்லுக்கே கையிருப்பு கரைந்துவிடும் போலிருக்கிறது. அம்பை இப்போதைக்கு மலிவாக ஏதாவது வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: ஐயா, தலைகீழாகச் செய்யுங்கள். வில்லில் ஒரு படி கீழே இறங்கி, அந்தக் காசை அம்பில் போடுங்கள். மானைத் தொடப்போவது அம்பு மட்டும்தான்.

அம்பின் தண்டு எவ்வளவு விறைப்பு என்பதற்கு ஸ்பைன் என்று ஓர் எண் உண்டு. 29 அங்குலத் தண்டை 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் வைத்து, நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் எவ்வளவு தொய்கிறது என்று அளப்பார்கள். 0.4 அங்குலம் தொய்ந்தால் 400. அரை அங்குலம் என்றால் 500. எண் கூடினால் தண்டு மெத்தென்று ஆகிறது என்று பொருள். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு வருகிறவர்கள் நிறைய. உங்கள் இழுவிசை, அம்பின் நீளம், முனையின் எடை மூன்றையும் அம்புத் தயாரிப்பாளரின் அட்டவணையில் வைத்துப் பார்த்துத்தான் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விசைக்குப் பொருந்தாத தொய்வான அம்பு பறக்கும்போதே வாலை ஆட்டிக்கொண்டு போகும். நுனியில் வேட்டை முனையை மாட்டினால் அந்த ஆட்டம் இரட்டிப்பாகும்.

எடையும் முக்கியம். வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் அம்பில் 5 கிரெய்னாவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான கீழ்வரம்பு. அதற்குக் கீழே போனால் வில்லுக்கு ஆபத்து. வேட்டைக்கு நான் சொல்வது 7, 8. ஆகவே 55 பவுண்டுக்கு 385 முதல் 440 கிரெய்ன்.

முனையைப் பற்றி. பறக்கும்போது மூடியிருந்து, பட்டதும் அலகு விரிகிற முனைகள் இருக்கின்றன. விரிவதற்கே கொஞ்சம் ஆற்றல் செலவாகும்; 60 பவுண்டுக்குக் கீழ் எய்கிறவர்கள் அசையாத அலகு உள்ள முனையோடு இருப்பது நல்லது. கூர்மை பார்க்க விரலை வைக்காதீர்கள். ரப்பர் வளையத்தை இழுத்துப் பிடித்து அலகின் மேல் இலேசாக வையுங்கள். அழுத்தாமலே அறுந்தால் கூர். அழுத்த வேண்டியிருந்தால் தீட்டுங்கள், அல்லது புது அலகு மாட்டுங்கள்.

கார்பன் அம்பை ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்னாலும், முக்கியமாக அது எங்காவது மோதியிருந்தால், இரு முனையையும் பிடித்து முகத்துக்கு அப்பால் வைத்து மெல்ல வளையுங்கள். சுழற்றிச் சுழற்றி வளைத்துக் காது கொடுங்கள். கிரக் என்று சிறு சத்தம் வந்தால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். விரிசல்விட்ட கார்பன் நாண் தள்ளுகிற வேகத்தில் சிம்பு சிம்பாகப் பிளக்கும். அது போகிற வழியில் உங்கள் இடக்கை இருக்கிறது.

கேள்வி: பழைய வில் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பாக்கெட்டில் கொஞ்சம் பஞ்சு எடுத்துக்கொண்டு போங்கள். வளைகைகளின் முன்னும் பின்னும் ஓரங்களிலும் மெல்லத் தடவுங்கள். பஞ்சு இழை எங்காவது மாட்டினால் அங்கே விரிசலோ, சிலாம்போ இருக்கிறது. வாங்காதீர்கள்.

கேமின் விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள். நெளிவு, பள்ளம் இருக்கக் கூடாது. நாணில் இழைகள் பஞ்சு பறந்து நின்றால் மாற்ற வேண்டும். நன்றாக வைத்திருந்த நாணே இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறும், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். ரிகர்வ் என்றால் நாண் பூட்டிய நிலையில் நுனியிலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். நாண் இரண்டு வளைகைகளுக்கும் நட்டநடுவில் ஓட வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் வளைகை முறுக்கிக்கொண்டது.

விற்கிறவர் "சும்மா இழுத்துப் பாருங்க" என்று வெறும் வில்லைக் கையில் கொடுப்பார். அம்பு பூட்டாமல் இழுக்காதீர்கள். கை நழுவி நாண் விடுபட்டால், அம்பு கொண்டுபோக வேண்டிய விசை அத்தனையும் வில்லுக்கே திரும்பும். வளைகை பிளக்கும், கேம் வளையும், நாண் அறுந்து முகத்தில் அடிக்கும். அந்த வில் முன்பு அப்படி அடிபட்டிருக்கிறதா என்றும் நேராகக் கேளுங்கள். பதில் சொல்வதற்குள் ஓர் இடைவெளி வந்தால் அதுவும் பதில்தான்.

கேள்வி: குறிமுள், அம்புத்தாங்கி, அம்புக்கூடு எல்லாம் பூட்டியே பெட்டியில் வரும் வில் நல்லதா, தனித்தனியாக வாங்குவது நல்லதா?

பதில்: முதல் வருடத்துக்குப் பெட்டி போதும். அம்புத்தாங்கி பெரும்பாலும் அம்பைச் சுற்றி நார் பிடித்திருக்கும் வகையாக இருக்கும். வேகத்தில் கொஞ்சம் தின்னும், ஆனால் அம்பு கீழே விழாது. அசையாமல் உட்கார்ந்து பழகுகிறவருக்கு அது பெரிய நிம்மதி. பெட்டியில் சாதாரணமாக வராத ஒன்றை மட்டும் நல்லதாக வாங்குங்கள்: மணிக்கட்டில் கட்டி, நாணைக் கொக்கியால் பிடித்து, டிரிக்கரை அழுத்தி விடுவிக்கிற ரிலீஸ். குட்டைக் காம்பவுண்டை விரலால் இழுத்தால் நாண் கூர்மையாக மடங்கி விரல்களை நெரிக்கும். அம்பும் பக்கவாட்டில் போகும். ரிலீஸ் உங்கள் மணிக்கட்டுக்குச் சரியாக இருக்க வேண்டும், டிரிக்கர் ரொம்பவும் தொட்டால்சிணுங்கியாக இருக்கக் கூடாது.

கேள்வி: களத்தில் 40 கஜத்தில் நன்றாகவே எய்கிறேன். காட்டுக்குப் போகலாமா?

பதில்: எத்தனையாவது அம்பு அது? களத்தில் எல்லோருக்கும் பத்தாவது அம்பு நன்றாகப் போகும். காட்டில் கிடைப்பது முதல் அம்பு மட்டும்.

காலையில் எழுந்து, கை கால் உதறாமல், வேட்டைக்குப் போடுகிற அதே சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரே ஓர் அம்பு எய்யுங்கள். வேட்டை முனையோடு எய்யுங்கள். பயிற்சி முனை போகிற இடத்துக்கே அதுவும் போகும் என்று நம்பிவிடாதீர்கள். மறுநாள் உட்கார்ந்து எய்யுங்கள். அடுத்த நாள் இடுப்பை வளைத்துக் கீழ்நோக்கி. ஆறு அங்குல வட்டத்துக்குள் அந்த ஒற்றை அம்பு எந்தத் தூரம் வரை தவறாமல் விழுகிறதோ அதுதான் உங்கள் தூரம். 40 என்றவர்களில் பலருக்கு அது 22, 25 என்று வந்து நிற்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மான் பக்கவாட்டில் நிற்கும்போது, அல்லது சற்றே அப்பால் திரும்பி நிற்கும்போது மட்டும் எய்யுங்கள். நேர்முகமாகப் பார்த்து நின்றால் நாணை இறக்கிவிடுங்கள். இறக்கப் பழகச் சொன்னது நினைவிருக்கட்டும்.

கேள்வி: கடைசியாக ஒன்று. உருமறைப்பு வண்ணம் பூசிய வில்லா, கறுப்பா?

பதில்: மானுக்குச் சிவப்பும் பச்சையும் நம்மைப் போலப் பிரித்துத் தெரியாது. அது கண்டுபிடிப்பது அசைவை, அப்புறம் பளபளப்பை. மினுக்காத வில்லாக இருந்தால் போதும். ஒரே வில் இலை வண்ணத்தில் கூடுதல் விலைக்கும் கறுப்பில் குறைந்த விலைக்கும் கிடைத்தால் கறுப்பை எடுங்கள். மிச்சத்தில் இன்னும் ஒன்றிரண்டு அம்பு வரும்.